நைட் டியூட்டிக்கு இரண்டு பேர், 38 படுக்கை: எந்த மெஷின் கேட்பது?

கடற்கரைச் செவிலி:

வணக்கம். கீழக்கரைப் பக்கம், அலைச் சத்தம் வார்டுக்குள் கேட்கிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். 38 படுக்கை. மூன்று வருடத்துக்கு முன்னால் 19 நர்ஸ் இருந்தோம், இன்றைக்கு 11 பேர். போன எட்டுப் பேரில் நாலு பேர் சவூதியிலும் கத்தாரிலும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலை கிடைத்தது. ஒருத்தி மதுரைக்குப் போய்விட்டாள். ஒருத்தி குழந்தை பிறந்ததும் வீட்டோடு நின்றுவிட்டாள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இங்கே வாங்குகிற சம்பளத்தில் வாடகையும் படிப்புக் கடனும் கட்டினால் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். விளம்பரம் கொடுத்தோம், நர்சிங் கல்லூரிகளுக்குப் போய்ச் சொன்னோம். வருகிறார்கள், அனுபவச் சான்றிதழ் வாங்கும்வரை இருக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள்.

இப்போது விஷயம். எங்கள் ஊர் சபுராளி ஒருவர் துபாயில் கடை வைத்திருக்கிறார். அவருடைய உம்மா எங்களிடம் பதினெட்டு நாள் படுத்திருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அந்த நன்றியில் பத்து லட்ச ரூபாய் தருகிறேன் என்கிறார். ஒரே நிபந்தனை, அது பொருளாக இருக்க வேண்டும். "ஆள் பத்தாத குறைக்கு எந்த மெஷின் உதவுமோ அதை வாங்குங்க லாத்தா" என்று என்னிடமே போனில் சொன்னார். நிர்வாகமும் என்னைத்தான் பட்டியல் எழுதச் சொல்லியிருக்கிறது. பதினாறு வருட வேலையில் என்னிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. தப்பாக எழுதிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

அதற்குள் ஒரு விற்பனைக்காரர் வந்து சென்ட்ரல் மானிட்டர் காட்டினார். பன்னிரண்டு படுக்கையின் நாடித்துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் நர்ஸ் மேசையில் ஒரே திரையில் தெரியும். "ஒரு நர்ஸ் உட்கார்ந்த இடத்தில் பன்னிரண்டு பேரைப் பார்க்கலாம்" என்றார். நிர்வாகத்துக்குப் பிடித்துவிட்டது. எனக்கு ஏனோ நெருடுகிறது.

ஏன் என்று சொல்ல ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் நல்ல மழை. நானும் இன்னொரு பெண்ணும் டியூட்டி, வார்டில் 26 பேர். எழுபது வயதுப் பெரியவர், கரைவலை இழுத்தே வாழ்ந்த மனிதர், இதயம் பலவீனம். அவருக்கு 500 மில்லி பாட்டிலைப் பத்து மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் டிரிப் செட்டில் (பாட்டிலிலிருந்து கைக்கு வருகிற குழாய்) ஒரு மில்லிக்கு இருபது சொட்டு, அப்படியென்றால் நிமிடத்துக்கு 17 சொட்டு. நான் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணி, குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற உருளையைத் திருகி 17-ல் நிறுத்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அப்புறம் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பாட்டில் காலி. கூட இருந்த பையன் சீக்கிரம் முடியட்டும் என்று உருளையைத் திறந்துவிட்டிருக்கிறான். பெரியவர் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறார், நெஞ்சில் களகளவென்று சத்தம். டாக்டரை எழுப்பி, நீரை வெளியேற்ற லேசிக்ஸ் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, விடியும்போதுதான் சிறுநீர் இறங்கி மூச்சு சீரானது. பிழைத்துவிட்டார். அந்தப் பையனை நான் திட்டவில்லை. 17 சொட்டு என்பது அவனுக்கு என்ன தெரியும்? நான் பக்கத்தில் இல்லை, அதுதான் உண்மை. இன்றைக்கும் மழை பெய்தால் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது.

அதனால் பட்டியல் எழுதுமுன் ஒரு வேலை செய்தேன். போன வியாழக்கிழமை இரவு ஒரு சின்ன நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, எதற்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்தேன். சொட்டு எண்ணி, திருத்தி, முடிந்த பாட்டிலை மாற்ற 70 நிமிடம். மருந்து இன்டென்டை (கேட்புச் சீட்டை) எடுத்துக்கொண்டு கீழே பார்மசிக்கு ஒன்பது நடை. ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து மாற்றியது மூன்று தடவை. படுத்த படுக்கையாக இருக்கிற நாலு பேரைப் புரட்டிப் போட ஒவ்வொரு முறையும் நாங்கள் இரண்டு பேருமே போக வேண்டும், அந்த நேரம் வார்டில் ஆளே இல்லை. எழுதுவதற்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரே சர்க்கரை அளவை வார்டு நோட்டு, கேஸ் ஷீட், இன்சுலின் சார்ட், அடுத்த டியூட்டிக்கு ஒப்படைக்கிற ஹேண்டிங் ஓவர் நோட்டு என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பத்து லட்சத்தில் இந்த நிமிடங்களில் எதை வாங்க முடியும்? பழகியவர்கள் சொல்லுங்கள்.


மண்டபத்து அக்கா:

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் வேலை பார்த்து, நர்சிங் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். நீ இடுப்பில் நோட்டைச் செருகிக்கொண்டு எண்ணினாயே, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை.

நீ எண்ணியதை உலகத்திலும் எண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் 767 நர்சுகளின் நேரத்தை அளந்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. எழுதுவதற்கு மட்டும் 35.3 சதவீதம் போகிறது. நோயாளிக்கு நேரடியாகச் செய்கிற பராமரிப்புக்கு 19.3 சதவீதம். நோயாளியின் நிலையை மதிப்பிடுவது, நாடி, பிரஷர் போன்ற வைட்டல்ஸ் பார்ப்பது 7.2 சதவீதம்தான். இத்தனைக்கும் அங்கே பணத்துக்குக் குறைவில்லை. அதனால் முதலில் எழுத்தைக் குறை. அதற்குப் பத்துப் பைசா செலவில்லை. சர்க்கரை, இன்சுலின், பிரஷர், உடம்புக்குள் போன நீர், வெளியே வந்த நீர் எல்லாம் படுக்கைக்கு ஒரே தாளில் வரட்டும். ஹேண்டிங் ஓவரை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கைப் பக்கத்தில் நின்றே கொடுங்கள். தனி நோட்டு வேண்டாம். டாக்டர்களிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும்.

சென்ட்ரல் மானிட்டர் விஷயத்தில் உன் நெருடல் சரி. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பு 2013-ல் ஓர் எச்சரிக்கை விட்டது. மானிட்டர் எழுப்புகிற அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம்வரை யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாதவை. விரலிலிருந்து கிளிப் நழுவினாலும் கத்தும், நோயாளி திரும்பிப் படுத்தாலும் கத்தும். பன்னிரண்டு படுக்கையின் கத்தல் ஒரே மேசைக்கு வந்தால் இரண்டாவது வாரத்தில் காது மரத்துப்போகும். மூன்றாவது வாரத்தில் யாராவது சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒரு நர்ஸ் நிற்கிற இடத்தில் அது வேறு. திரையில் தெரிந்தாலும் எழுந்து ஓட ஆள் வேண்டுமே?

அப்புறம் ஒன்று, இதை உன் பட்டியலின் முதல் பக்கத்தில் எழுது. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. நீங்கள் 26 பேருக்கு இரண்டு பேர். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. மெஷின் வந்ததும் "இனி ஒருத்தர் போதுமே" என்று நிர்வாகம் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்வார்கள் என்றில்லை, ஆனால் எழுத்தில் இருப்பது உனக்குப் பலம்.

படுத்த படுக்கைக்காரர்களுக்கு வழுக்கு விரிப்பு கேள். விலை மிகக் குறைவு. வழவழப்பான துணி, நோயாளிக்கு அடியில் நுழைத்துவிட்டால் தூக்க வேண்டாம், இழுத்தாலே நகரும். படுக்கைப் புண்ணுக்கு ஏர் பெட் வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது புரட்டுவதுதான், அதை யாரும் விட்டுவிடாதீர்கள். எனக்கு இடுப்பில் இரண்டு டிஸ்க் போனது ஆட்களைத் தூக்கித்தான். நீயாவது தப்பித்துக்கொள்.


பெரியபட்டினத்துக்காரன்:

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. வாப்பாவுக்குத் துணையாக இருபது நாள் வார்டில் இருந்தவன். சிஸ்டர், அந்தப் பையன் உருளையைத் திறந்ததற்கு ஒரு காரணம் சொல்கிறேன். பாட்டில் முடிகிற நேரம் எங்களுக்குப் பெரிய பயம். காலியானால் காற்று ஏறிவிடும், ரத்தம் குழாயில் திரும்பி வரும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று, முழித்திருக்கும்போதே முடித்துவிடப் பார்ப்போம். நானும் ஒரு தடவை தொட்டேன். இதைப் படித்த பிறகு நெஞ்சு பதறுகிறது. நர்ஸம்மாவைக் கூப்பிடலாம் என்றால் வார்டின் அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், போனால் அவர்கள் வேறு படுக்கையில் இருப்பார்கள். படுக்கையிலேயே கூப்பிட ஒரு வழி இருந்தால் நாங்கள் எதையும் தொட மாட்டோம்.


உப்புக்காற்று மெக்கானிக்:

பயோமெடிக்கல் வேலை, பன்னிரண்டு வருடம். சாயல்குடியிலிருந்து ராமேஸ்வரம்வரை ஆஸ்பத்திரிச் சாமான் பழுது பார்க்கிறேன். அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் சாமான் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

சிஸ்டர், உங்கள் 70 நிமிடத்துக்குப் பதில் இன்ஃபியூஷன் பம்ப், டிரிப்பை அளந்து ஏற்றுகிற மெஷின். எல்லா டிரிப்புக்கும் தேவையில்லை. இதயம், சிறுநீரகம், குழந்தை, பிரசவ வலி வரவைக்கிற மருந்து ஏறுகிறவர்கள், இவர்களுக்கு மட்டும் போட்டால் ஐந்தாறு பம்ப் போதும். மணிக்கு இத்தனை மில்லி என்று அடித்து விட்டால் அதற்கு மேல் போகாது. கதவு பூட்டிவிடும், உருளையைத் துணைக்கு இருப்பவர் திறந்தாலும் ஓடாது. முடிந்ததும் அலாரம் அடித்து, நரம்பு அடைக்காத அளவுக்குக் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். குழாயில் காற்று வந்தாலும் நின்றுவிடும். பெரியபட்டினத்துத் தம்பி சொன்ன பயத்துக்கு மருந்து அதுதான்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில பம்ப் அந்தக் கம்பெனியின் டிரிப் செட்டை மட்டும்தான் ஏற்கும். பம்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு செட்டில் காசு பார்ப்பார்கள். நன்கொடைப் பணம் தீர்ந்ததும் செட் வாங்க வழியில்லாமல் பம்ப் அலமாரிக்குப் போய்விடும். எந்த செட்டையும் ஏற்கிற பம்ப் கேளுங்கள். ஆனால் நீங்கள் வழக்கமாக வாங்குகிற செட்டைப் போட்டு அளவு சரிபார்த்துத் தர வேண்டும் என்று ஆர்டரில் எழுதுங்கள். நீங்களே சோதிக்கலாம். மணிக்கு 60 மில்லி வைத்து, குழாய் முனையை அளவுக் குடுவைக்குள் விட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். 30 மில்லி விழ வேண்டும். 28-க்குக் கீழே, 32-க்கு மேலே போனால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் கரையில் மெஷினுக்கு எமன் உப்புதான். ஜன்னலோரம் வைத்த மானிட்டரைப் பிரித்தால் உள்ளே பித்தளை முனையெல்லாம் பச்சை பூத்திருக்கும். ஆடி மாதக் காற்றில் மணலும் சேர்ந்து வரும். உபயோகிக்காத நேரம் மூடி போட்ட பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஆனால் சார்ஜில் இருக்க வேண்டும். பேட்டரி சாவது பெரும்பாலும் சார்ஜ் போடாமல் வைப்பதால்தான். அடுத்து வோல்டேஜ். பம்ப் வாங்குமுன் அந்த வார்டு லைனுக்கு ஒரு ஸ்டெபிலைசர், அப்புறம் எர்த் பாருங்கள். உப்பு மண்ணில் எர்த் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும். மேலே கம்பி நன்றாகத் தெரியும், மண்ணுக்குள் குழாயே இருக்காது.

ஆக்சிஜன் சிலிண்டர் மூன்று தடவை மாற்றினேன் என்கிறீர்கள். சின்ன சிலிண்டர் என்றால் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம். கொரோனா சமயத்தில் யாராவது கொடுத்த கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின்) உங்கள் ஸ்டோரில் கிடக்கிறதா என்று பாருங்கள். நான் போகிற இடமெல்லாம் கிடக்கிறது. சும்மா கிடந்தால் உள்ளே இருக்கிற சல்லடைத் தூள் ஈரம் குடித்துக் கெட்டிருக்கும். ஆக்சிஜன் அளக்கிற கருவி வைத்துப் பார்த்து, 82 சதவீதத்துக்குக் குறையாமல் வருகிறவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஓடுகிற ஒன்று கிடைத்தாலும் ராத்திரி சிலிண்டர் உருட்ட வேண்டாம். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு சிலிண்டர் பக்கத்தில் நிற்கட்டும்.

பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கு 2015-ல் வந்த தேசியப் பராமரிப்புத் திட்டத்தில், மாவட்ட மருத்துவமனையில் 95 சதவீதம், சமுதாய சுகாதார நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீத நேரம் சாமான் ஓட வேண்டும் என்று எண் போட்டே எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஓர் எண் எழுதி வாங்குங்கள். மதுரையிலிருந்து ஆள் வர நாலு நாள் ஆனால் அந்த நாலு நாளைக்கு மாற்று பம்ப் யார் தருவது என்பதையும் எழுதுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லி அந்த சபுராளி அண்ணனிடம் பேசுங்கள். ஒப்பந்தமும் பொருளோடு சேர்ந்ததுதான் என்றால் ஒத்துக்கொள்வார்.


தீவுச் செவிலி:

நான் கிராம சுகாதாரச் செவிலி, ராமேஸ்வரம் தீவில். ஆஸ்பத்திரி வேலை வேறு, என் வேலை வேறு. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டேப்லெட் கணினி வாங்கி அதில் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால், பழைய நோட்டை எந்தத் தேதியில் நிறுத்துகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

எங்களுக்கு ஒரு செயலி வந்தபோது ரிஜிஸ்டர் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டோம். ரிஜிஸ்டர் போகவில்லை. இப்போது ஒரு கர்ப்பிணியின் பன்னிரண்டு இலக்க எண்ணை வீட்டு வாசலில் நோட்டில் எழுதி, சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று போனில் ஏற்றுகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என் மகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு பதினோரு மணிக்கு வாசல் படியில் உட்கார்ந்து பதிவு போட்ட நாட்கள் நிறைய.

உண்மையிலேயே எனக்குக் கை கொடுத்தது 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம். டிஜிட்டல் பிரஷர் கருவியோடும் சர்க்கரை பார்க்கிற கருவியோடும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வீடு வீடாகப் போகிறாள். மாத்திரையையும் கையில் கொடுக்கிறாள். கருவி சின்னதுதான், அவள் வந்ததுதான் பெரிது. வெயிலில் நடந்து வந்து வரிசையில் நிற்க முடியாத பாட்டிகளின் பிரஷர் இப்போது எனக்குத் தெரியும். உங்கள் வார்டிலும் நர்ஸ்தான் செய்ய வேண்டும் என்றில்லாத வேலைக்கு, பார்மசி நடை, சிலிண்டர், துணி மாற்றுவது, உள்ளூர்ப் பெண் ஒருத்தியை இரவுக்கு வைக்க முடியாதா அக்கா? பத்து லட்சத்தில் முடியாது என்று புரிகிறது. நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது நடை மிச்சம்.


தொண்டிப் பக்கத்து டாக்டர்:

இதுவரை யாரும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது சிஸ்டர். உங்கள் நோட்டில் அந்த ஒரு ராத்திரி வராததால் விட்டுப்போயிருக்கும். நோயாளியை மதுரைக்கு அனுப்பினால் கூடவே ஒரு நர்ஸ் போவாள். உங்கள் ஊரிலிருந்து போக இரண்டரை மணி நேரம், அங்கே படுக்கை கிடைக்கும்வரை நிற்பது, திரும்ப இரண்டரை மணி நேரம். அந்த இரவு 26 பேருக்கு ஒருத்தர்தான். வருடத்துக்கு எத்தனை தடவை என்று ஆம்புலன்ஸ் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

எல்லாரையும் நிறுத்திவிட முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் "எதற்கும் அனுப்பிவிடுவோம்" என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சுவலி என்று வருகிறவருக்குப் பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுத்து, தெளிவாக ஒரு பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவருக்கு அனுப்பி, ஐந்து நிமிடத்தில் பதில் வாங்க ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாரடைப்பு இல்லை என்றால் ஒரு பயணம் மிச்சம், உங்களிடமே வைத்து மறுபடி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாம். மாரடைப்புதான் என்றால், தகுதியானவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அங்கேயே டாக்டர் போட்டுவிட்டு அனுப்பலாம். அப்போது அந்த இரண்டரை மணி நேரம் வீணாகாது.

நம் மாநிலத்திலேயே செய்து பார்த்த வழி இது. சின்ன மருத்துவமனைகளை நாலு பெரிய மையங்களோடு இப்படி இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கினார்கள். புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஈ.சி.ஜி.யை அனுப்பவும், பதில் சொல்லவும், எடுத்துப் போகவும் ஒழுங்கு செய்தார்கள், அவ்வளவுதான். 2022-லிருந்து நம் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மதுரைக்கு முன்னால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். தொழில்நுட்பம் என்று நாங்கள் கொண்டுவருகிற பலதும் டாக்டருடைய வேலையைக் குறைத்து நர்ஸ் தலையில் வைக்கிறது. தூர ஆலோசனைக்குக் கேமரா பிடிப்பது யார்? ஈ.சி.ஜி.யைப் படம் எடுத்து அனுப்புவது யார்? உங்கள் ஆஸ்பத்திரியில் இரவில் டியூட்டி டாக்டர் இருக்கிறார் அல்லவா, அதை அவர் செய்யட்டும். நான் இங்கே நானே செய்கிறேன். முடியாத காரியமில்லை.


கடற்கரைச் செவிலி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மண்டபத்து அக்கா, நீங்கள் சொன்ன 1:5-ஐ முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மீட்டிங்கில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சென்ட்ரல் மானிட்டர் வேண்டாம் என்று முடிவானது.

ஆறு பம்ப் வந்திருக்கிறது, எந்த செட்டும் ஏற்கிற வகை. அளவுக் குடுவை வைத்து நானே சோதித்தேன். ஐந்து சரியாக இருந்தது, ஒன்றில் 26 மில்லிதான் விழுந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினோம். மெக்கானிக் அண்ணே, நீங்கள் சொல்லாவிட்டால் அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பேன். ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் எங்களோடு பேசுகிற காலிங் பெல் வைத்தாயிற்று. யார் எதற்குக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தே சாமானை எடுத்துக்கொண்டு போவதால் நடை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஸ்டோரில் ஐந்து கான்சென்ட்ரேட்டர் கிடந்தது, இரண்டு பிழைத்தது. வழுக்கு விரிப்பு நாலு. பராமரிப்பு ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. சபுராளி மறுபேச்சு சொல்லவில்லை.

ஒரே தாள் சார்ட்டுக்குத்தான் அதிகப் பாடுபட்டோம். இரண்டு டாக்டர்கள் உடனே சம்மதித்தார்கள், ஒருவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். தீவுச் செவிலித் தங்கச்சி சொன்னபடி, பழைய நோட்டை நிறுத்துகிற தேதியை முதலில் போட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் நாலு நோட்டையும் கட்டி ரெக்கார்டு அறையில் கொண்டுபோய் வைத்தோம்.

போன வியாழக்கிழமை மறுபடி நோட்டைச் செருகிக்கொண்டு எண்ணினேன். சொட்டுக்கு 70 நிமிடம் போனது இப்போது 20. பம்ப் பதினொரு தடவை கத்தியது, அதில் ஏழு தடவை நோயாளி கையை மடக்கியதால். முழங்கை மடிப்பில் ஊசி போட்டவர்களுக்கு இனி முன்கையில்தான் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். எழுத்து ஒரு மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு மூன்று மணி வாக்கில் கைக்கு வேலையில்லாமல் ஒரு பத்து நிமிடம் கிடைத்தது. வாய் ஒரு பக்கம் கோணிப்போன ஒரு பாட்டி, வாதம் அடித்து வந்தவர், சாயங்காலமே கஞ்சி வேண்டாம் என்று தள்ளியிருந்தார். எழுப்பி உட்கார வைத்து, நல்ல பக்கமாகத் தலையைச் சாய்த்து, முழுங்கியதைப் பார்த்துப் பார்த்து அரை டம்ளர் கொடுத்தேன். முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

இரவுக்கு உள்ளூர்ப் பெண் ஒருவரை எடுக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து. நர்ஸ் எண்ணிக்கை கூடவில்லை. இதற்கிடையில் இன்னொருத்தி கத்தாருக்குப் பரீட்சை எழுதியிருக்கிறாள், கிடைத்துவிடும். நல்ல பெண், நல்லா இருக்கட்டும். ஆனால் அவள் போனால் பத்துப் பேர். அதை எழுதி மறுபடி நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் சார், ஆம்புலன்ஸ் நோட்டைப் பார்த்தேன். போன வருடம் 61 தடவை. நீங்கள் சொன்ன ஈ.சி.ஜி. ஏற்பாட்டுக்கு எங்கள் டாக்டரிடம் பேசியிருக்கிறேன், உங்களிடம் தனியாகச் சில கேள்வி கேட்க வேண்டும்.

மெக்கானிக் அண்ணே, எர்த் தோண்டிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது போலவே கம்பி மட்டும்தான் இருந்தது, குழாய் கையோடு உதிர்ந்து வந்தது. புதுசு போட இரும்பு வேண்டாம், செம்பு வேண்டும் என்கிறார் எலக்ட்ரீசியன். மழைக்கு முன் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?